மாமாவும் மூன்று கோடியும்

என் மாமா பூட்டுக்காரர். சாவியைத் தொலைத்தவர்கள், சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தியவர்கள், புருஷன் மேல் கோபித்துக்கொண்டு பீரோ சாவியைச் சாக்கடையில் எறிந்தவர்கள் எல்லோரும் அவரிடம்தான் வருவார்கள். நோட்டு, பேனா விற்கும் கடை ஒன்றின் மாடிப்படிக்குக் கீழே அவருக்கு ஒரு மேசை. பின்சுவர் முழுக்க வெட்டாத சாவிகள் கம்பியில் தொங்கும். மின்விசிறியைப் போட்டால் தகரக் கூரையில் தூறல் விழுவது போலச் சத்தம் வரும்.

அவர் பூட்டோடு பேசுவார். காதைக் கதவில் ஒட்டவைத்துக்கொண்டு, "என்னம்மா முரண்டு பிடிக்கறே? எண்ணெய் காட்டி எத்தனை வருஷமாச்சு உனக்கு, பாவம்" என்பார். அத்தையிடம் அவ்வளவு கனிவாகப் பேசி நான் கேட்டதில்லை. அதை அத்தை சொல்லிக்காட்டாத நாளும் கிடையாது. டிவியில் எவனாவது கொண்டை ஊசியால் பூட்டைத் திறந்துவிட்டால் போதும், மாமாவுக்குச் சாப்பாடு இறங்காது. "அது ஏழு நெம்புகோல் பூட்டு. அவன் மண்டையை உள்ளே விட்டாலும் திறக்காது" என்று திரையைப் பார்த்துத் திட்டுவார்.

நானும் அம்மாவும் மாமா வீட்டின் மாடியில் இருக்கிறோம். அம்மா தையல் கம்பெனிக்குப் போய்விடுவாள். பத்தாம் வகுப்பில் இரண்டு முறை கோட்டை விட்டுவிட்டு வீட்டில் இருக்கும் எனக்கு, மாமாவைச் சீண்டுவதுதான் முழுநேர உத்தியோகம். ஒருமுறை பக்கத்து வீட்டு போனிலிருந்து குண்டு ஆம்பளைக் குரலில், "ஐயா, நான் குளியலறைக்குள்ள மாட்டிக்கிட்டேன், மூச்சு முட்டுது" என்று அழுதேன். மாமா சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நான் கொடுத்த முகவரியில் ஒரு சலவைக் கடைதான் இருந்தது. திரும்பி வந்தவர் என்னை அடிக்கவில்லை. "உள்ளே மாட்டினவனை வச்சு விளையாடாதே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டார்.

தொழிலில் அவருக்கு இரண்டு பிடிவாதம். எந்த வீட்டுக்குப் போகிறேன், எந்தக் கதவுக்கு என்ன பூட்டுப் போட்டேன் என்பதை ஒருவரிடமும் சொல்ல மாட்டார், அத்தையிடம்கூட. ரசீதுப் புத்தகத்தில் முகவரியே இருக்காது. இரண்டாவது, புதுப் பூட்டைப் பொருத்தியதும் அதை உள்ளேயிருந்து சோதித்துப் பார்ப்பார். பையையும் போனையும் வெளியே வைத்துவிட்டு, வெறுங்கையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். வீட்டுக்காரர் மாட்டிக்கொண்டால் வெறுங்கையோடுதானே மாட்டிக்கொள்வார், இடுப்பில் திருப்புளியா செருகியிருப்பார் என்பது அவர் வாதம். இந்த இரண்டு பிடிவாதமும் தனித்தனியாக இருந்தவரை ஒரு தொல்லையும் இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டும் கைகோத்துக்கொண்டன.

அன்று காலை ஒன்பது மணிக்கு, "மத்தியானம் வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். வரவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. புதன்கிழமை காலையில் அடிப்பதும் நின்றுபோனது.

அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குப் போனாள். வாசலில் டிவி வண்டிகள் வரிசையாக நின்றன. ஒரு நொடி, மாமாவுக்காகத்தான் வந்திருக்கிறார்களோ என்றுகூட நினைத்துவிட்டேன். அவ்வளவு மூளை எனக்கு. செவ்வாய் இரவு பெரிய நகைக்கடை ஒன்றில் மூன்று கோடி நகை போயிருந்தது. பாதுகாப்பு அறையின் பூட்டு உடைபடவே இல்லையாம்.

புகார் எழுதும் ரைட்டர் தலையைத் தூக்காமல் கேட்டார்.

"வயசு?"

"நாப்பத்தாறு சார்."

"கடைசியா எப்போ சண்டை போட்டீங்க?"

"தினமும்தான் சார்."

"அப்போ கோவிச்சுக்கிட்டுப் போயிருப்பார். இந்த வயசுல ஆம்பளைங்க ரெண்டு நாள் காணாமப் போறது சகஜம்மா. வேற எங்கயாவது ஒரு வீடு..."

"வேற வீடு இருந்தா நல்லா சாப்பிட்டு உடம்பாவது தேறியிருக்குமே சார். அவர் பேன்ட் இடுப்புல நிக்காது."

பக்கத்து மேசைக் காவலர் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. ரைட்டர் ஒரு துண்டுத் தாளில் போன் எண்ணை எழுதி வாங்கிக்கொண்டார். பதிவேட்டைத் திறக்கவில்லை. "நாளைக்கு வராட்டி வாங்க" என்றார்.

அந்த அறையின் ஓரத்தில் நான்கு காவலர்கள் திரைகளின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கடைத்தெரு முழுவதிலிருந்தும் கேமராப் பதிவுகளை வாங்கி வந்து, செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கம் போன ஒவ்வொரு ஆளையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமாவின் மேசை இருப்பதும் அதே கடைத்தெருதான். அத்தைக்கு அது சட்டென்று உறைத்தது.

"சார், அதே நாள்தானே? அதே தெருதானே? இவரும் அந்த வழியாதான் போயிருப்பார். நீல சட்டை, கறுப்புப் பை. எந்தப் பக்கம் திரும்பினார்னு மட்டும் பாத்துச் சொல்லிடுங்க சார். நான் போய்த் தேடிக்கிறேன்."

"அது நகைக் கேஸுக்கு வாங்கினதும்மா. இதுக்கெல்லாம் காட்ட முடியாது. தனியா உத்தரவு வேணும்."

"பாக்கறது ஒரே படம்தானே சார்?"

"படம் ஒண்ணுதான். கேஸ் வேற."

வியாழக்கிழமை காலையில் மறுபடியும் போனோம். ரைட்டர் இருக்கையில் இல்லை. நகைக் கேஸுக்குப் போயிருந்தார். பெஞ்சில் உட்கார்ந்த அத்தை, தண்ணீர்ப் பாட்டிலைத் திறப்பதும் குடிக்காமல் மூடுவதுமாக இருந்தாள். "அவர் எங்கயோ தாகத்தோட இருக்கார்டி" என்றாள்.

வெளியே ஒரு நிருபர் புகைத்துக்கொண்டு நின்றார். கழுத்து அட்டையில் நாங்கள் வாங்கும் பேப்பரின் பெயர். அவரிடம் போனேன்.

"அண்ணே, எங்க மாமாவைக் காணோம். மூணு நாளாச்சு. ஒரு வரி போடுவீங்களா?"

"என்ன பண்றார் உங்க மாமா?"

"பூட்டு ரிப்பேர்."

"குழந்தைன்னா போடலாம் பாப்பா. இல்ல, ஏதாவது பிரபலம்னா போடலாம். இல்லேன்னா விளம்பரப் பிரிவுல கேளு, சின்னப் பெட்டி போடுவாங்க." அவர் கெட்டவர் இல்லை. தன் போனைத் திருப்பிக் காட்டினார். அலுவலகத்திலிருந்து பத்துச் செய்திகள் வந்திருந்தன. பத்திலும் 'நகை என்னாச்சு?'தான். "எனக்கும் வீட்ல மாமா இருக்கார் பாப்பா. என்ன பண்றது, நான் இந்த ஒண்ணுலதான் ஓடணும்."

நான் அங்கேயே நின்றேன். பெஞ்சில் அத்தை பாட்டிலை மூடுவது தெரிந்தது. அப்புறம் என் வாய் தானாகத் திறந்தது. பொய் எனக்கு அப்படித்தான் வரும், யோசித்தால் வராது.

"அண்ணே, ஒண்ணு சொல்றேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"சொல்லு."

"அந்த நகைக்கடை உள்அறைப் பூட்டைப் போட்டதே எங்க மாமாதான். இன்னொரு சாவி அவர்கிட்ட இருக்கு."

சிகரெட் கீழே விழுந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், மாமா அந்தக் கடையின் படியை மிதித்ததுகூட இல்லை. அவருடைய செருப்பைப் பார்த்தாலே காவலாளி உள்ளே விடமாட்டான்.

பத்து நிமிஷத்தில் இன்ஸ்பெக்டர் வெளியே ஓடிவந்தார். அத்தைக்கு நாற்காலி வந்தது, டீ வந்தது. முந்தின நாள் சிரித்த காவலரே டீயைக் கொண்டுவந்தார். "உங்க வீட்டுக்காரர் கடைசியா யார்கிட்ட பேசினார்? எந்த நம்பர்?" என்று நான்கு பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள். அத்தை பதில் சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்தாள். என்ன நடந்தது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் வாயைத் திறந்து மறுத்திருக்கலாம். டீயை ஒரே மூச்சில் குடித்தாள்.

அரை மணி நேரத்தில் மாமாவின் போன் கடைசியாக எந்த செல்போன் கோபுரத்தோடு பேசியது என்று தெரிந்தது. ஒரு மணி நேரத்தில் நீல சட்டையையும் கறுப்புப் பையையும் கேமராவில் கண்டுபிடித்தார்கள். அவர் ஏறிய வாடகை வண்டியின் ஓட்டுநரைச் சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுப்பிக் கூட்டிவந்தார்கள். மதியம் மூன்றரைக்கு, ஆளில்லாத புது மூன்று மாடிக் கட்டடம் ஒன்றைப் பதினெட்டுப் போலீஸ்காரர்கள் சுற்றி வளைத்தார்கள், துப்பாக்கியோடு. டிவிக்காரர்கள் எதிர்மாடியில் இடம் பிடித்துவிட்டார்கள். திரையின் கீழே 'மூன்று கோடி நகையுடன் பதுங்கிய பூட்டுக்காரன்' என்று எழுத்து ஓடியதாம். என்னையும் அத்தையையும் ஜீப்பிலேயே உட்கார வைத்திருந்தார்கள். அத்தை இறங்கி ஓடினாள், நான் பின்னாலேயே ஓடினேன்.

நிலவறையில் ஓர் இரும்புக் கதவு. அதன் முன்னால் மாமாவின் பை, பைக்கு மேல் செத்துப்போன போன். கட்டடத்தின் உரிமையாளர், பத்திரங்கள் வைக்க ஒரு பத்திரமான அறை வேண்டும் என்று கேட்டுவிட்டு வெளிநாட்டுக்கு விமானம் ஏறியிருந்தார். மாமா பூட்டைப் பொருத்தியிருக்கிறார், பழக்கப்படி உள்ளே போய்க் கதவைச் சாத்தியிருக்கிறார். உள்பக்கக் கைப்பிடியின் ஊசி உடைந்து கையோடு வந்துவிட்டது. அவ்வளவுதான். அறைக்குள் காலி இரும்பு அலமாரியும், வயர் போக விட்ட கைவிரல் அளவு ஓட்டையும் தவிர ஒன்றும் இல்லை. ஐம்பது மணி நேரம் அந்த ஓட்டையில் வாயை வைத்து மூச்சு விட்டிருக்கிறார்.

கதவை வெட்டித் திறந்தார்கள். மாமா சுவரோரம் ஒருக்களித்துக் கிடந்தார். இடுப்பு வார்ப்பட்டையின் கொக்கியால் பூட்டை நெம்பி நெம்பி விரல்களெல்லாம் கிழிந்திருந்தன. இன்ஸ்பெக்டர் குனிந்தார். மூன்றாவது நாளில் ஒரு மனிதக் குரல் மாமாவின் காதில் விழுந்தது.

"நகை எங்கடா?"

"தண்ணி" என்றார் மாமா.

"நகை எங்கன்னு கேட்டேன்."

பாட்டிலைத் திறந்துகொண்டு இன்ஸ்பெக்டரின் கைக்குக் கீழே புகுந்தவள் அத்தைதான்.

ஆஸ்பத்திரியில் ஒரு கையில் குளுக்கோஸ், இன்னொரு கையில் விலங்கு. ஒன்பது நாள் விசாரித்தார்கள். காவலுக்கு இருந்த ஒரு காவலர் நல்ல மனிதர். ஒரு மதியம் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "புதன்கிழமையே உங்க மாமாவை ரெண்டு தடவை திரையில பாத்தேன்மா. பையோட போறார், வண்டி ஏறறார். நகைக்கடைப் பக்கம் திரும்பலையா, அதனால தள்ளி விட்டுட்டேன்." சொல்லிவிட்டு அவர் தொப்பியைக் கழற்றி, உள்ளே என்னவோ இருப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்தாம் நாள் கடையின் மேலாளரே பிடிபட்டார். நகைகளும் கிடைத்தன. மாமா விடுவிக்கப்பட்டது ஏழாம் பக்கத்தில்கூட வரவில்லை. மேலாளர் செய்தியின் கடைசி வரியில், 'முன்னதாக ஒருவரிடம் விசாரணை நடத்தப்பட்டது' என்று இருந்தது. அந்த 'ஒருவர்' என் மாமா. முதல் நாள் முதல் பக்கத்தில் மட்டும் அவர் முகம் உள்ளங்கை அகலத்துக்கு வந்திருந்தது.

எங்கள் தெருவில் ஒன்பது வீடுகளில் பூட்டை மாற்றினார்கள். வேறு ஆளை வைத்துத்தான். நோட்டுக்கடைக்காரர் மிகவும் மரியாதையாக, "படிக்குக் கீழே கொஞ்சம் சாமான் வைக்கணும், தப்பா நினைக்காதீங்க" என்றார். மாமா மேசையைத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் போட்டார். ஒருவரும் வரவில்லை. ஒரு கிழவர் மட்டும் பழைய பெட்டி ஒன்றோடு வந்தார். டிவி பார்க்காதவர். அவரையும் பாதி வேலையில் மகன் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

"நான் அந்தப் பூட்டைப் போட்டேன்னு யார் சொன்னது?" என்று மாமா அடிக்கடி கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று நாள் பொறுத்தேன். நான்காம் நாள் சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். சோற்றைப் பிசைந்த கை நின்றது.

"எப்போ சொன்னே?"

"வியாழக்கிழமை. பன்னெண்டு மணி இருக்கும்."

அவர் மனசுக்குள் என்னவோ கூட்டிப் பார்த்தார். "வியாழக்கிழமை காலையிலயே நாக்கு உள்ளே இழுக்க ஆரம்பிச்சிடுச்சு. வெள்ளிக்கிழமை தாண்டியிருக்க மாட்டேன்" என்றார். பிறகு, "வெளியில போன் அடிக்கறது கேட்டுக்கிட்டே இருந்தது. உங்க அத்தைதான்னு தெரியும். நின்ன பிறகுதான் பயம் வந்தது" என்றார். அதற்கப்புறம் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நான் மாடியிலிருந்து இறங்கினால் அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். நானும் ஒரு சேட்டையும் செய்யவில்லை. செய்யத் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓர் அம்மா வந்தாள். மாத்திரைப் பெட்டி அடைக்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் மகளைப் பதினோரு நாளாகக் காணவில்லை. வயது இருபது. கையில் அந்தப் பெண்ணின் போட்டோ.

"உங்களைத் தேடினதை டிவில பாத்தேன் அண்ணா. பதினெட்டு பேர் போனாங்க. என் பொண்ணுக்கு ஒருத்தர் போனா போதும். யாரைப் பிடிச்சீங்க? எனக்கும் சொல்லுங்க."

அத்தைதான் உடைத்துச் சொன்னாள், ஒன்று விடாமல். நான் சொன்ன பொய், வந்த டீ, துப்பாக்கி எல்லாம். கடைசியில், "கம்பெனிப் பணத்தை எடுத்துக்கிட்டுப் போயிட்டாள்னு சொல்லுங்கக்கா. பெரிய தொகையாச் சொல்லுங்க. சாயங்காலத்துக்குள்ள தேட ஆரம்பிச்சிடுவாங்க" என்றாள்.

"சொல்லாதீங்க" என்றார் மாமா.

"நீங்க சும்மா இருங்க."

"இருபது வயசுப் பொண்ணு. திரும்பி வந்தா எங்க போய் வேலை கேப்பா? என்னைப் பாத்தியா இல்லையா நீ?"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். உக்காந்திருக்கீங்க, பேசறீங்க. உசிரோட உக்காந்துக்கிட்டு நீங்க பேரைப் பத்திப் பேசலாம். அந்தப் பொண்ணு எங்க உக்காந்திருக்கோ!"

அந்த அம்மா போட்டோவைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றுமில்லை. "கீழே கிடந்த பேனாவைக்கூட உரியவங்க மேசையில வச்சிட்டு வருவா" என்றாள். "நானே எப்படி என் வாயால..." எழுந்துகொண்டாள். வாசலில் நின்று, "யோசிக்கிறேன்" என்றாள். போட்டோவின் நகல் ஒன்றை அத்தை வாங்கி வைத்துக்கொண்டாள்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் முதல் வேலையாகப் பேப்பரைப் பிரித்துப் பார்த்தேன். யாரோ ஒரு பெண்ணைத் 'திருடி' என்று போட்டிருக்கிறார்களா என்று. போட்டிருந்தால் துள்ளிக் குதித்திருப்பேன். போடவில்லை. நான் நான்காவது முறையாகப் பக்கங்களைத் திருப்பியபோது மாமா கூடத்துக் கதவருகில் நின்றிருந்தார், சட்டை போட்டுக்கொண்டு. மேசையைக் கூடத்தில் கொண்டுவந்து போட்ட பிறகு அவர் வெளியே போகச் சட்டை போட்டது அன்றுதான்.

"அந்தக் கம்பெனி இருக்கற தெருவுல எத்தனை கடையில கேமரா இருக்கும்?"

"நாப்பது இருக்கும் மாமா."

"வா."

முதல் கடையில் மாமாவே உள்ளே போனார். கடைக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார், கையைக் கல்லாவின் மேல் வைத்துக்கொண்டார். மாமா போட்டோவை நீட்டுவதற்குள், "ஒண்ணும் இல்லைங்க, கிளம்புங்க" என்றார். வெளியே வந்த மாமா போட்டோவை என் கையில் கொடுத்தார். "நீ போய்க் கேளு. நான் எதிர்ப்பக்கம் நிக்கறேன். நான் கூட வந்தா காரியம் கெட்டுடும்" என்றார்.

நான் கேட்டேன். செருப்புக்கடை, மருந்துக்கடை, கண்ணாடிக்கடை. பதிமூணு நாளைக்கு முந்தின பதிவு இருக்குமா, இந்தப் பொண்ணு எந்தப் பக்கம் போச்சுன்னு மட்டும் பாக்கணும் என்று. எல்லாரும் போட்டோவை வாங்கினார்கள். எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"என்னத்தைத் தூக்கிட்டுப் போனா?"

"ஒண்ணும் இல்லைங்க. காணோம், அவ்வளவுதான்."

"ஓ" என்பார்கள். போட்டோ உடனே என் கைக்குத் திரும்பி வந்துவிடும். முதலாளி வரட்டும், கேமரா ரிப்பேர், நாளைக்கு வா.

பாத்திரக்கடைக்காரர் நல்ல குஷியில் இருந்தார். கேமரா அவர் தலைக்கு மேலேயே சிவப்புப் பொட்டாக மின்னிக்கொண்டிருந்தது, தெருவைப் பார்த்து. போட்டோவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பாத்தா சாதுவா இருக்கு. எவ்வளவு அடிச்சா?" என்று கண்ணடித்தார்.

ஒரு தொகை என் நாக்கு நுனியில் வந்து நின்றது. மாமாவுக்குச் சொன்னதைவிட நல்ல பொய், ஓட்டை இல்லாத பொய். சொன்னால் இவர் இப்போதே திரையைத் திறந்து காட்டுவார், சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சொல்லியும் விடுவார். நான் திரும்பிப் பார்த்தேன். மாமா எதிர்ப்பக்கம், மூடிய கடை ஒன்றின் நிழலில், யாரும் தன்னைப் பார்த்துவிடக் கூடாதென்று தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்தார். கைகளை மட்டும் பேன்ட் பையில் விடாமல் வெளியே தொங்கவிட்டிருந்தார், எதுவும் எடுக்கவில்லை என்று எல்லாருக்கும் தெரியும்படி.

"ஒண்ணும் எடுக்கலைங்க" என்றேன். "ஒரு பொண்ணைக் காணோம்."

கடைக்காரரின் முகத்திலிருந்து குஷி இறங்கியது. "அதுக்குப் போலீஸ்ல சொல்லும்மா" என்றார்.

போட்டோவை வாங்கிக்கொண்டு அடுத்த கடையின் படியேறினேன்.